தீப்பெட்டி ராஜாவும் வாட்ஸ்அப் சதியும்

1920களில் உலகத் தீப்பெட்டிச் சந்தையை ஒரே ஆள் வளைத்துப் போடப் பார்த்தார். சுவீடனின் ஐவார் குரூகர். பணமுடையில் தவித்த அரசுகளுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டின் தீக்குச்சி ஏகபோகத்தை எழுதி வாங்கிக்கொள்வார். போலந்து, பெரு, ஹங்கேரி, ஜெர்மனி என்று பட்டியல் நீண்டது. இந்தியாவில் அவருடைய குழுமம் 1923இல் விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் விம்கோ நகர் நிலையம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அதே காலத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மீது விழுந்த கடும் வரி உள்ளூர்த் தொழிலுக்கு வழிவிட்டிருந்தது. ஜெர்மனி எந்திரங்கள் கட்டுப்படியாகவில்லை. கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கைவேலையானது. மழை பொய்க்கும் கரிசல் சீமையில் வேலைக்கு ஆளா கிடைக்காது? விம்கோவின் எந்திரத்துக்கு எதிரே அந்தக் கைவேலை தாக்குப்பிடித்தது.

குரூகர் செய்ததை உலகச் சதி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது அன்றே ஊரறிந்த விஷயம். சுவீடன் குழுமத்தின் போக்கை இந்தியச் சுங்கவரி வாரியம் ஆராய்ந்து 1928இல் அறிக்கையே அச்சிட்டது. 1932 மார்ச்சில் குரூகர் பாரிஸில் இறந்தார். கணக்கைத் தோண்டியபோது இத்தாலிய அரசின் பெயரில் போலிக் கடன்பத்திரங்கள் கிடைத்தன. உலகை ஆட்டிவைத்தவர் எனப் பெயரெடுத்தவர் கடைசியில் கடன்காரர்!

இப்போது சிவகாசியின் இன்னொரு தொழிலான வெடிக்கு வருவோம். பாகிஸ்தானின் தூண்டுதலில் சீனா, ஆஸ்துமா வரவைக்கும் கார்பன் மோனாக்சைடை நிரப்பிப் பட்டாசு அனுப்புகிறது என்று உள்துறை அமைச்சக அதிகாரி பெயரில் ஒரு தகவல் தீபாவளிதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அமைச்சகம் அப்படி எதையும் வெளியிடவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2021இல் மறுத்தது. சிவகாசியில் மருந்து செலுத்தும் எவரிடமும் கேட்டிருக்கலாம். வெடி என்பது காகிதக் குழாய், வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், ஒரு திரி. காகிதக் குழாயில் வாயுவை எப்படி அடைத்து வைப்பது? மூச்சிரைப்புக்கு வெடித்தபின் வரும் கந்தகப் புகையே போதும். அதற்குச் சீனா வேண்டாம்.

2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் சேர்க்கத் தடை போட்டபோதும், அதன் பின்னால் ‘சீனாவின் கை’ இருப்பதாகப் பேசப்பட்டது. வேலை போன தொழிலாளியின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழக்கு, டெல்லிக் குழந்தைகள் மூவரின் பெயரில் 2015இல் பெற்றோர் தொடுத்தது. யார் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சீனப் பட்டாசுத் தொல்லை பொய்யல்ல. இந்தியாவில் 1992 முதல் கந்தகத்தோடு குளோரேட் கலக்கத் தடை. லேசாக உரசினாலே பற்றும் கலவை அது. சீனச் சரக்கில் குளோரேட் உண்டு. வேறு பொருள் என்று பொய்யாகக் காட்டி, கண்டெய்னரில் வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலேயே வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் அதைப் பிரித்துப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.