வரிக்கு நடுவே வந்த எதுகை

ராப் பாட்டுன்னா வரிக் கடைசியில் ஓசை ஒத்தா போதும்னு மாணவர்கள் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன். நம் இலக்கணத்தில் அது இயைபு. அமெரிக்காவிலும் 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலும் அதே கதைதான்: உரத்த குரல், வரி முடிவில் ஓர் இயைபு.

1987இல் எரிக் பி., ரகீம் இருவரும் 'பெய்ட் இன் ஃபுல்' இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். ரகீம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர், சாக்சபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் இசையில் ஊறியவர். அந்த வாசிப்பைச் சொல்லுக்குக் கொண்டுவந்தார். ஒத்த ஓசை வரிக்கு நடுவிலும் விழுந்தது, சில இடங்களில் ஒரே வரிக்குள் இரண்டு மூன்று முறை. வாக்கியம் வரியோடு நிற்காமல் அடுத்த வரிக்குள் நடந்துபோனது. கத்தலும் இல்லை, அமைதியான பேச்சுக் குரல்தான். இணை, பொழிப்பு, ஒரூஉ என்று சீர்களுக்குள் எதுகை தேடிப் பழகிய நமக்கு இது புரியாத வித்தை இல்லையே!

பின்னால் வந்தவங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாஸ் 1994இல் 'இல்மாட்டிக்' தொகுப்பில், தான் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் அடுக்குமாடிகளின் வாழ்க்கையை இந்த நடையில் சொன்னார். பத்து வருஷம் கழிச்சு ரகீமின் வாழ்க்கை வரலாற்றையே ஒரு பாட்டாக்கினார். ஆசானுக்கு மாணாக்கன் பாடிய பாயிரம்னே சொல்லலாம். எமினெமும் ரகீமிடம் கற்றவர்தான்.

வகுப்பில் யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' (2006) பாட்டு ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மறைத்துவிட்டு, மீதியில் ஒத்த ஓசைகளுக்குக் கோடு போடச் சொல்லுங்கள்.