சந்தேகமும் சட்டமும்: பிறிக்ஸ்ரன், 1981

பொலிசாரின் அதிகாரம் சட்டத்தினின்று பிறப்பதாயினும், அது நிலைபெறுவது மக்களின் இசைவினாலேயாம். அவ்விசைவு ஒரு சமூகத்தாரிடத்துக் குன்றுமிடத்து யாது நிகழும் என்பதற்கு, இலண்டன் மாநகரின் பிறிக்ஸ்ரன் பகுதி தக்க சான்றாகும்.

1948 யூனில் ‘எம்பயர் விண்ட்றஷ்’ கப்பலில் வந்த மேற்கிந்தியருட் சிலர் கிளப்பம் சவுத் நிலக்கீழ்ப் புகலிடத்தில் தங்கவைக்கப்பட்டனர். அண்மையிலிருந்த தொழில் நிலையம் பிறிக்ஸ்ரனில் அமைந்தமையால், அவர்களுட் பலர் அப்பகுதியிலேயே குடியேறினர். இவர்தம் பிள்ளைகள் வளர்ந்து இளைஞராகிய 1970களில், வேலையின்மையும் பொலிசாரின் சந்தேகமும் அவர்களை ஒருங்கே சூழ்ந்தன.

இச்சந்தேகத்திற்குக் கருவியாய் அமைந்தது 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம். நெப்போலியனிய யுத்தங்களின் பின் வீதிகளில் அலைந்த வறியோரை அடக்க எழுந்த அச்சட்டம், ஒன்றரை நூற்றாண்டின் பின் கறுப்பின இளைஞர் மீது பாய்ந்தது. குற்றம் புரியும் நோக்குடன் நடமாடியதாக ஒருவரைத் தண்டிக்க இரு பொலிசாரின் சாட்சியமே போதியதாயிற்று.

1981 சனவரியில் நியூ குறொஸ் இல்லமொன்றில் மூண்ட தீயில் கறுப்பின இளைஞர் பதின்மூவர் மாண்டனர். விசாரணையில் நம்பிக்கையிழந்த ஆயிரக்கணக்கானோர் மார்ச் 2ஆம் நாள் ஊர்வலம் சென்றனர். ஏப்ரலில் ‘சுவாம்ப் 81’ என்னும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினர். சில நாட்களுள் 943 பேர் வீதியில் மறிக்கப்பட்டனர். கைதானோர் 118 பேரே. எஞ்சிய 825 பேர் கொண்டு சென்றது அவமான உணர்வொன்றையே. ஏப்ரல் 10 முதல் 12 வரை பிறிக்ஸ்ரன் எரிந்தது.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு, அந்நடவடிக்கையைக் கண்டித்து, மக்களோடு கலந்தாலோசிக்குமாறு வற்புறுத்தினார். எனினும், பிரித்தானியாவில் நிறுவனமயப்பட்ட இனவாதம் உண்டென்பதை அவர் ஏற்றிலர். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பிரிவு 1981இலேயே நீக்கப்பட்டது. மறித்துச் சோதிக்கும் அதிகாரத்தை 1984ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது.

ஆயினும், 1993இல் ஸ்ரீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின மாணவன் இனவெறியராற் கொல்லப்பட்டபோது, பொலிஸ் விசாரணை பெரிதும் பிழைத்தது. ஸ்கார்மன் மறுத்த அச்சொற்றொடரை 1999இல் மக்பேர்சன் அறிக்கை இலண்டன் பொலிசார் மீது சுமத்தியது. 2023இல் கேசி அறிக்கையும் அதனையே மீட்டுரைத்தது.

சட்டத்தைத் திருத்த மூன்றாண்டுகள் போதுமாயின. குறையைக் குறையெனக் கூறவோ பதினெட்டு ஆண்டுகள் சென்றன. கைதானோரின் தொகையைப் பொலிசார் வெற்றியின் அளவையாகக் கொண்டனர். வரலாறு கணக்கிடவேண்டியது, குற்றமேதுமின்றி மறிக்கப்பட்டு வீடு திரும்பியோரின் தொகையையேயாம்.