எண்ணும் பெயரும்: உலகப் போர்களுக்குச் சென்ற தமிழரைத் தேடுதல்

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பழமையான நடுகற்களுள் ஒன்று மிகச் சில சொற்களே உடையது. தமிழி எழுத்தில் அமைந்த அச்சொற்கள், கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் அது என்பதை உணர்த்துகின்றன. பெயர், ஊர், நிகழ்வு ஆகிய மூன்றும் அச்சிறு கல்லில் அடங்கிவிட்டன. பின்னாளில் எழுந்த செங்கம் பகுதி நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும், மாண்ட வீரன் யாருடைய சேவகன் என்பதையும் உடன் கூறுகின்றன. கல்லைக் காணுதல் தொடங்கி வாழ்த்துதல் ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். மாண்டவனைப் பெயர் சொல்லி நிறுத்துவது இம்மண்ணின் பழைய அறம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் ஆங்கில அரசும் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் கல் பதித்தது. 'இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர். அவருள் உயிர் நீத்தோர் இத்தனை பேர்' என்னும் பொருள்பட அமைந்தவை அப்பலகைகள். தமிழகத்திலும் இத்தகையவை உள்ளன. அவற்றில் ஊர் உண்டு, போர் உண்டு, மாண்டவர் பெயர் இல்லை. பெயர் நிற்க வேண்டிய இடத்தில் எண் நிற்கிறது. போருக்குச் சென்ற பாட்டனாரை இன்று பேரர்கள் தேடுவது, அந்த எண்ணை மீண்டும் பெயராக்கும் முயற்சியே ஆகும்.

எண்ணாக நின்றோர்

முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர் ஏறத்தாழ 74,000 பேர். பேரரசின் போர்க் கல்லறைகளைப் பேணுவதற்கென 1917இல் ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என வழங்குவது அதுவே. பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடு பாராமல் மாண்ட ஒவ்வொருவரின் பெயரையும் பொறிப்பது என்பது அதன் கொள்கை. பிரான்சில் நெவ் சப்பேல் என்னுமிடத்தில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் அக்கொள்கை பேணப்பட்டது. 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் அங்கே உள்ளன.

ஆனால் மெசபடோமியப் போரில் மாண்டோருக்காக 1929இல் திறக்கப்பட்ட பாசுரா நினைவகத்தில் நிலைமை வேறு. 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் அந்நினைவகத்தில் ஆங்கிலேயப் படையினர் அனைவர்க்கும் பெயர் உண்டு. இந்தியருள் அதிகாரிகளாக இருந்தோர்க்கு மட்டுமே பெயர் பொறிக்கப்பட்டது. எஞ்சிய சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். ஐரோப்பியர் கண்ணெதிரே இருந்த கல்லில் பெயரும், பாலைவனத்துக் கல்லில் எண்ணும் என முறை இரண்டாயிற்று. இக்குறையை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்டோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்நிலை பெரிதும் மாறியது. இரங்கூனை அடுத்த தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள நினைவகம் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இரண்டிலும் இந்தியர் மிகப் பலர். ஆணையத்தின் ஏடுகளைக் கணினி வழியே எவரும் இன்று தேடலாம்.

படைப்பிரிவே திறவுகோல்

பெயரை மட்டும் கொண்டு ஒரு சிப்பாயைக் கண்டறிதல் அரிது. ஆங்கிலேய அதிகாரிகளைப் பற்றிய ஆவணங்கள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணத் தொகுதியில் திரண்டுள்ளன. சிப்பாய்களின் பணிக் குறிப்புகளோ அவரவர் படைப்பிரிவின் பதிவு அலுவலகங்களைச் சார்ந்தவை. ஆகவே தேடுவோர் முதலில் அறிய வேண்டியது படைப்பிரிவையே.

அதற்கான சான்று பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். பணி விடுப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், பழைய கடிதத்தின் முகவரி ஆகியவை பரண்மேல் தகரப் பெட்டியில் கிடத்தல் கூடும். பதக்கம் இருப்பின் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்க வேண்டும். முதற் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரில் ஆங்கிலேயர்க்கு வழங்கிய போர்ப் பதக்கங்கள் பெயரின்றியே வந்தன. இந்தியர்க்கு வழங்கியவற்றிலோ பெயர் பொறிக்கப்பட்டது. முதற் போரின் பதக்கம் படைவீரர்க்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்திலும் வார்க்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. உலோகமே ஒருவர் ஆற்றிய பணியைக் கூறிவிடும். வெள்ளிப் பதக்கம் பஞ்சகாலத்தில் தட்டார் உலைக்குப் போன வீடுகளில் வெண்கலமே எஞ்சி நிற்பதும் உண்டு.

படைப்பிரிவு தெரிந்தால் போர்க்களம் தெரியும். சென்னைச் சாப்பர் படையின் 12ஆம் ஃபீல்டு கம்பெனி என ஒரு சான்றிதழில் இருப்பதாகக் கொள்வோம். பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை சாப்பர்களின் தொழில். அக்கம்பெனி இந்திய நான்காம் டிவிசனைச் சேர்ந்தது. அந்த டிவிசன் 1941இல் எரித்திரியாவின் கெரன் மலையிலும், பின்னர் வட ஆப்பிரிக்கப் பாலையிலும், 1944இல் இத்தாலியின் கசினோவிலும் போரிட்டது. ஒற்றை எண், மூன்று நிலப்பரப்புகளை விரித்துக் காட்டுகிறது. இதே டிவிசனின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் பணியாற்றியவரே அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணி வெடிக்கச் சில நொடிகளே இருந்த நிலையில், அவர் தம் உடலால் அதனை மறைத்து உடனிருந்தோரைக் காத்து உயிர் துறந்தார். அவர்க்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

படைப்பிரிவுகளின் பெயர் மாற்றங்களையும் அறிதல் வேண்டும். 1780இல் சென்னைப் பயனியர்களாகத் தோன்றிய படையே பின்பு சாப்பர் படையாகி, இன்று பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப் என விளங்குகிறது. மதராஸ் ரெஜிமெண்ட் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் போரின் தேவையால் 1941இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் தலைமையகம் இன்று நீலகிரி வெலிங்டனில் உள்ளது. சென்னைப் பயனியர் படையோ 1933இல் கலைக்கப்பட்டு மறைந்தே போயிற்று.

பெயரும் பாடவேறுபாடும்

இத்தேடலில் தமிழ் பயின்றோர்க்குத் தனியிடம் உண்டு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். இதனை அறியாத எழுத்தர்கள் தந்தை பெயரை மகனுக்கும், ஊர்ப் பெயரைத் தந்தைக்கும் சூட்டிவிட்டனர். ஆங்கில எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாயின. குறிலும் நெடிலும் கலந்தன. பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா' ஆயிற்று. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினோபலி' ஆயிற்று. முருகன், முருகையன், முருகேசன் ஆகிய மூவரும் மூன்று ஏடுகளில் ஒரே ஆளாக இருத்தலும் கூடும். வேறு வேறு ஆட்களாக இருத்தலும் கூடும்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி உ.வே. சாமிநாதையர் பாடவேறுபாடு கண்ட முறையே இங்கும் வேண்டப்படுகிறது. ஆணையத்தின் இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் 'இன்னாரின் மகன், இன்ன ஊரினர், இன்னாரின் கணவர்' என்னும் குறிப்பு உள்ளது. சிதைந்த பெயரை ஊரோடும், ஊரை வட்டத்தோடும், மனைவி பெயரைக் குடும்ப வழக்கோடும் பொருத்தினால் உண்மைப் பாடம் புலனாகும்.

இப்பணி சிலர்க்கு வெறும் ஆர்வத்தைக் கடந்தது. சென்னைச் சாப்பர், பயனியர் படைகளில் ஆதிதிராவிடரும் கிறித்தவரும் பெருமளவில் சேர்ந்தனர். நிலப்பட்டாவோ கோயிற் கல்வெட்டோ தம் முன்னோர் பெயரைச் சொல்லாத குடும்பங்கள் அவை. அத்தகைய குடும்பத்திற்குக் கொள்ளுப் பாட்டனாரின் பெயரைத் தந்தை பெயரோடும் ஊரோடும் உரைக்கும் மிகப் பழைய ஏடு இராணுவ ஏடாகவே இருத்தல் கூடும். அதனை இழப்பது, ஒரு குடி தன் வரலாற்றின் முதல் ஏட்டை இழப்பதற்கு ஒப்பாகும்.

கசப்பான ஏடுகள்

தேடுவோர் எதிர்பார்ப்பது வீரக் கதை. கிடைப்பது எப்போதும் அதுவன்று. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்ற ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படை பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்றது. 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரியும் 61ஆம் பயனியர் படையும் அதில் இருந்தன. எண்ணிக்கையில் மிகக் குறைந்த செருமானியப் படையிடம் அத்தாக்குதல் படுதோல்வி கண்டது. 61ஆம் படை முதல் நாளிலும், 63ஆம் படை மறுநாளிலும் நிலைகுலைந்து பின்வாங்கின. ஆங்கிலேயர் பலர் இதற்குச் சென்னைச் சிப்பாயின் இயல்பையே காரணமாகக் காட்டினர்.

ஏடுகளை முழுமையாகப் படிப்போர்க்கு வேறு காரணங்கள் தெரியவரும். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் இந்தியத் தலைமைத் தளபதியாகவும் இருந்த இராபர்ட்சு, தென்னாட்டவர் போர்க்குணம் அற்றவர் என்னும் கொள்கையர். அக்கொள்கையால் சென்னைப் படைகள் குறைக்கப்பட்டன, புறக்கணிக்கவும்பட்டன. டாங்காவிலோ வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டிருந்தோர், களத்தின் நிலையை முன்கூட்டி அறியாத தளபதிகளால் அடர்ந்த புதருக்குள் ஏவப்பட்டனர். பாட்டனார் பின்வாங்கிய படையில் இருந்தார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஏன் பின்வாங்க நேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுவதே வரலாறு. மூன்றாண்டுகள் சமையற்காரராகவோ கோவேறு கழுதை ஓட்டியாகவோ இருந்தவரை வாளேந்தியவராகப் புனைந்து எழுதுதலும், மாண்டவர்க்கு இழைக்கும் மற்றொரு மறதியே ஆகும்.

பட்டியலில் இல்லாதோர்

எவ்வளவு தேடினும் பெயர் கிட்டாதோரும் உளர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா இரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் உள்ளன. படைவீரர் அல்லர் என்னும் காரணத்தால் தமிழ்த் தொழிலாளர்க்கு அங்கு இடமில்லை. படை எண்ணும் இல்லை, பதக்கமும் இல்லை. அவர்களுக்காக அந்நகரில் 2023இல் நினைவுக் கல் ஒன்று எழுப்பப்பட்டபோது அதற்கு நடுகல் என்றே பெயரிட்டனர். எனினும் அதில் பொறிப்பதற்கு ஒரு முழுப் பட்டியல் எவரிடத்தும் இல்லை. அவர்கள் பெயர்கள் எஞ்சியிருப்பது முதியோர் நினைவில் மட்டுமே. அம்முதியோரும் நாள்தோறும் குறைந்து வருகின்றனர்.

புலவரும் கவிஞரும் கூடும் இலக்கிய வட்டங்களுக்கு இங்கு ஒரு கடமை உண்டு. வட்டத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலும் ஊரிலும் போருக்குச் சென்றோர், தோட்டத்திலிருந்து திரும்பாதோர் ஆகியோரின் பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு அல்லது தோட்டம், சென்ற ஆண்டு ஆகிய ஐந்தையும் கேட்டுத் தமிழிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ழகரமும் ளகரமும் அவற்றில் பிழையின்றி நிற்கட்டும். கல்லில் எண்ணாக நின்றோரை ஏட்டிலேனும் பெயராக நிறுத்துதல், நடுகல் மரபுக்கு உரியோர் இன்றும் செய்யக்கூடிய பணியாகும்.