இணையத் தொலைபேசியும் 911-ம்

இணையம் வழியாகப் பேசும் சேவைகள் அமெரிக்காவில் பரவத் தொடங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. இது தொலைபேசியா, இல்லை இணையத்தில் போகும் இன்னொரு தகவல் சேவையா? தொலைபேசி என்றால் உரிமம், கட்டண விதிகள் எல்லாம் வந்துவிடும். 2003-ல் மினசோட்டா மாநிலம் வோனேஜ் நிறுவனத்துக்கு அந்த விதிகளைப் போட்டது. நீதிமன்றம் தடுத்தது. 2004 நவம்பரில் தொலைத்தொடர்பு ஆணையமும் (எஃப்.சி.சி.) மாநில விதிகள் இதற்குப் பொருந்தாது என்றது.

நிறுவனத்துக்கு நல்லதுதான். வாடிக்கையாளருக்கு?

பழைய தொலைபேசியில் 911-ஐ (நம்மூர் 112 மாதிரி) அழைத்தால் வீட்டு முகவரியும் சேர்ந்தே போகும். இணையத் தொலைபேசிப் பெட்டியை எந்த ஊரிலும் செருகலாம். அதனால் அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று தானாகத் தெரியாது. வோனேஜில் 911 வசதியை வாடிக்கையாளரே கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

2005 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஒரு வீட்டில் புகுந்தவர்கள் கணவன் மனைவி இருவரையும் சுட்டார்கள். 17 வயது மகள் 911-ஐ அழைத்தாள். அந்த வசதி இல்லை என்று பதிவு செய்த குரல்தான் பேசியது. மார்ச்சில் டெக்சாஸ் அரசு வழக்குப் போட்டது. மே மாதம் எஃப்.சி.சி. உத்தரவிட்டது: 120 நாளில் எல்லோருக்கும் 911 கிடைக்க வேண்டும், அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 2006 டிசம்பரில் நீதிமன்றமும் இதை ஏற்றது.

வேடிக்கை என்னவென்றால், அது தொலைபேசியா இல்லையா என்று அந்த உத்தரவும் முடிவு சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆபத்தில் எண்ணை அழுத்துகிறவருக்கு அது தொலைபேசிதான்.