பின்சீட்டுக்கு அடியில் இருந்த பச்சை

பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள் அனுப்பினான். பெயர் போட வேண்டாம் என்றான். கடைசி பெஞ்ச்காரன் என்று மட்டும் சொல்கிறேன், அவன் செட் கண்டுபிடித்துவிடும். இப்போது பெரிய இன்ஜினியர். ஆனாலும் எனக்கு 'அவன்'தான், கோபித்துக்கொள்ள மாட்டான்.

படத்தில் இருந்தது ஒரு பழைய கார். 1969ஆம் வருடத்து பான்டியாக் ஜி.டி.ஓ. பளீரென்ற ஆரஞ்சு நிறம், பக்கவாட்டில் பட்டை, டிக்கி மேல் இறக்கை. வாங்கி வந்து பின்சீட்டைக் கழற்றியிருக்கிறான். அடியில் தகரத்தில் கரும்பச்சை பெயின்ட். "சார், இதைப் பழையபடி ஒரிஜினலாக மாற்ற வேண்டும். எது ஒரிஜினல் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டான். எனக்கு ஸ்கூட்டர் ஸ்பார்க் பிளக் துடைப்பதற்கு மேல் வண்டி ஞானம் கிடையாது. ஆனால் அவன் கேட்டது வண்டிக் கேள்வி இல்லை, சரித்திரக் கேள்வி. அதனால் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் இந்த மசில் கார் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுள்ள, விலை அதிகமில்லாத காரில் பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைப்பது. அவ்வளவுதான். இதை ஆரம்பித்துவைத்ததாகப் பலரும் சொல்வது 1964 ஜி.டி.ஓ.வைத்தான். அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஒரு விதி இருந்தது: நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவின் தலைமை இன்ஜினியர் ஜான் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும் அந்த விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். விதி புது மாடல்களுக்குத்தானே? இது புது மாடலே இல்லை, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு வாடிக்கையாளர் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் 'ஆப்ஷன்' என்று சொல்லி 389 கன அங்குல இன்ஜினைப் பொருத்திவிட்டார்கள். ஏறக்குறைய 6.4 லிட்டர். நம் அம்பாசிடர் ஒன்றரை லிட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனின் விலை 300 டாலருக்கும் குறைவு. ஐயாயிரம் போனால் போதும் என்று எண்ணியிருந்தார்கள், முதல் வருடமே 32,450 போயிற்று. மற்றக் கம்பெனிகளும் பின்னாலேயே ஓடி வந்தன.

அந்த ஆட்டம் பத்து வருடம்கூட நிற்கவில்லை. இளைஞர்களின் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது, 1971 மாடல்களில் இன்ஜின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள், 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பிறகு இந்தக் கார்கள் மலிவான பழைய வண்டிகளாகிப் பையன்கள் கையில் சிக்கின. சக்கரத்தை மாற்றினார்கள், சைலன்சரை மாற்றினார்கள், இன்ஜின் போனால் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்றை இறக்கினார்கள். நாளைக்கு இது பொக்கிஷம் ஆகும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

இன்று அது பொக்கிஷம். அதனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு விலை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அடியில் உள்ள வண்டி எண்ணும் இன்ஜின் பிளாக்கில் குத்திய எண்ணும் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். தொழிற்சாலையில் இந்த வண்டிக்கு என்னென்ன மாட்ட வேண்டும் என்று அச்சடித்த தாள், சீட்டு ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். எலி விட்டுவைத்திருந்தால் அது செப்பேட்டுக்குச் சமம். பான்டியாக் கார்களுக்கு இன்னொரு வசதி உண்டு. கம்பெனியின் பழைய பில் பதிவுகள் மிஞ்சியிருக்கின்றன, எண்ணைக் கொடுத்தால் நகல் வாங்கலாம். நம்மவன் வாங்கினான். வண்டி பச்சையாகப் பிறந்தது. ஆரஞ்சும் பட்டையும் இறக்கையும் பின்னால் யாரோ ஏற்றியவை. 1969இல் 'தி ஜட்ஜ்' என்று ஒரு சிறப்பு ஜி.டி.ஓ. வந்தது, ஏழாயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். அந்த வேஷத்தை இதற்குப் போட்டிருக்கிறார்கள். ஜட்ஜும் ஒரு ஆப்ஷன்தான், வண்டி எண்ணை மட்டும் பார்த்து அது ஜட்ஜா இல்லையா என்று சொல்ல முடியாது. 1964இல் விதியை ஏமாற்றக் கண்டுபிடித்த அதே சந்து வழியாக இன்று போலிகள் வருகிறார்கள். சிரிப்பு வந்தது எனக்கு.

இன்னொரு கூத்தும் உண்டு. போட்டிக்கு வைக்கும் கார்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே செய்ய வேண்டும். அந்தக் காலத்துத் தொழிலாளி அவசர அவசரமாகச் செய்தவர். பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அடிப்பக்கம் திட்டுத் திட்டாகப் பட்டிருக்கும், சோதித்தவர் சாக்பீஸில் கிறுக்கியிருப்பார். இன்றைய பட்டறையில் அந்தப் பிழைகளையும் கிறுக்கலையும் கஷ்டப்பட்டு, காசு செலவழித்துத் திரும்பப் போடுகிறார்கள். என்னிடம் படித்தவர்களில் கையெழுத்து மோசமானவர்கள் சந்தோஷப்படலாம்.

சரி, எந்த நாள் ஒரிஜினல்? தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளா? அதன் பிறகு ஐம்பது வருடம் வாழ்ந்த வாழ்க்கை எங்கே போகும்? இதற்கு நல்ல உதாரணமாக எனக்குக் கிடைத்தது வேறு கம்பெனியின் கார் ஒன்று, ஃபோர்டு மஸ்டாங்.

1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பச்சை மஸ்டாங்கைப் பறக்க விடுவார். படத்துக்கு அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு கார்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்றை 1974இல் நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. அந்த அம்மா தினமும் பள்ளிக்கு அந்த வண்டியில்தான் போய் வந்தார்! (நான் முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் போனவன், பொறாமை இருக்காதா?) 1977இல் மெக்வீனே கடிதம் எழுதி விலைக்குக் கேட்டார், குடும்பம் கொடுக்கவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் போய் வண்டி நின்றது. 2018இல்தான் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் உலகம் அதைத் திரும்பப் பார்த்தது. டிங்கர் வேலை பார்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவரவில்லை. மங்கிய பெயின்ட், துரு, படப்பிடிப்புக்குக் கேமரா மாட்டப் பற்றவைத்த தாங்கிகளின் அடையாளம் எல்லாம் அப்படியே. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அதைத் 'தொழிற்சாலை நிலைக்கு' மீட்டிருந்தால் மெக்வீனும் போயிருப்பார், டீச்சரம்மாவும் போயிருப்பார். மிஞ்சுவது ஒரு பச்சை மஸ்டாங்.

அதன் உடன்பிறப்பு மெக்ஸிகோவில் பாஹா கலிஃபோர்னியா பக்கம் கிடந்தது. வெள்ளை பெயின்ட் அடித்து, வேறொரு படத்தில் வரும் 'எலினோர்' என்ற காரின் நகலாக மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எண்ணைப் பார்த்து இது எது என்று கண்டுபிடித்தார்கள். வேலை இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இதைப் படித்தபோது என் தாத்தாவின் மரப்பெட்டி நினைவுக்கு வந்தது. மூடியின் உள்பக்கம் அவர் கடன் கொடுத்தவர் கணக்கைப் பென்சிலில் எழுதிவைத்திருந்தார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஆசாரியை அழைத்து இழைத்துப் பாலிஷ் போடச் சொன்னேன். பெட்டி இன்றும் கூடத்தில் பளபளக்கிறது. கணக்கு இல்லை. ஊருக்கெல்லாம் சரித்திரம் நடத்தியவன் செய்த வேலை இது.

நம்மவனுக்கு நான் எழுதியது இதுதான். துரு தின்ற தரையை மாற்று, தப்பில்லை. ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக்கும் தரையும் வேண்டும். பச்சை அடி. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படம் எடு, எதை மாற்றினாய் என்று நோட்டுப் போட்டு எழுது. ஆரஞ்சுப் பட்டை ஒட்டிய ஒரு தகரத்தைத் தூக்கிப் போடாதே.

அதோடு முடியவில்லை. வண்டியின் சொந்த இன்ஜின் போய், வேறொரு பான்டியாக் இன்ஜின்தான் உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு பட்டறையில், பொருத்தமான வருடத்து பிளாக் தருகிறோம், பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு உன் வண்டி எண்ணைக் குத்தித் தருகிறோம், விற்கும்போது நல்ல விலை போகும் என்றார்களாம். "எல்லாரும் செய்வதுதானாம் சார்" என்றான். தம்பி, பத்தாம் வகுப்பில் மார்க் லிஸ்ட்டில் மூன்றை எட்டாக்கிக்கொண்டு வந்தவனை நான் என்ன செய்தேன் என்று உன் செட்டில் யாரையாவது கேள் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் பேச்சே இல்லை.

நேற்று இரவு மறுபடி படம் வந்தது. இன்ஜின் அதே இன்ஜின், எண்ணைத் தொடவில்லை. காரின் உள்பக்கம் முழுக்கப் புதுப் பச்சை. பின்சீட்டுக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் டேப் ஒட்டி, பழைய பெயின்ட்டை அப்படியே விட்டிருக்கிறான்.