றிப்ளி றோட்டும் ஒரு கோப்பி அறையும்

பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கிய கதையை நாங்கள் பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகத்தான் கேட்டிருக்கிறம். சைக்கிள் வந்தது, பெண்கள் ஏறினார்கள், நீளப் பாவாடை போனது, விடுதலை வந்தது எண்டு நாலு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில் றிப்ளி என்றொரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்தையும் அதைச் சுற்றியிருக்கிற றோட்டுகளையும் பற்றி ஆறுதலாக வாசித்துப் பார்த்தால், கதை அவ்வளவு நேராகப் போகவில்லை எண்டு விளங்கும். றோட்டில் போகிற உரிமை ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிடுகிற உரிமை வேறொன்று. முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

முதலில் றோட்டைப் பார்ப்பம். லண்டனிலிருந்து தென்மேற்கே போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் போகிற பழைய பெருந்தெருவில், நகர மையத்திலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குள் வருகிற ஊர்தான் றிப்ளி. கிங்ஸ்டன், ஈஷர், கொபம் எல்லாம் தாண்டினால் வீடுகள் குறையும். பிறகு விஸ்லி, ஒக்கம் பக்கத்துப் பொதுநிலங்கள் வரும். பைன் மரங்களும் ஹெதர் பற்றைகளும் நிறைந்த, ஊரவர்கள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை வைத்திருந்த நிலங்கள் அவை. அதற்கப்பால் பெரிய புல்வெளியோடு றிப்ளி.

குதிரைவண்டிக் காலத்தில் இந்தத் தெருவின் விடுதிகளுக்கு நல்ல வியாபாரம். கடற்படை ஆட்கள், வியாபாரிகள், தபால் வண்டிகள் எல்லாம் இந்த வழியால்தான் போவார்கள். 1838 இல் பக்கத்து வோக்கிங் வரைக்கும் ரயில் வந்தது. அதற்குப் பிறகு தூரப் பயணம் போகிற ஆட்கள் ரயிலுக்கு மாறிவிட, குதிரைவண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. விடுதிகள் வெறிச்சோடின. றோட்டைத் திருத்துவதற்கும் ஒருத்தருக்கும் அக்கறை இருக்கவில்லை. செத்துக்கொண்டிருந்த அந்தத் தெருவுக்கு 1870களில் உயிர் கொடுத்தது சைக்கிள்தான்.

அப்போதிருந்தது முன்சில்லு ஆள் உயரத்துக்கு நிற்கிற பழைய சைக்கிள். கல்லொன்றில் தட்டினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். ஓடினவர்கள் பெரும்பாலும் காசும் நேரமும் இருந்த இளம் ஆண்கள். தேம்ஸ் டிற்றனில் இருந்த ஏஞ்சல் விடுதியிலிருந்து றிப்ளியின் அங்கர் விடுதி வரைக்கும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். கிழமை முடிவில் அந்தத் தூரத்தை ஓடுவது லண்டன் சைக்கிள்காரருக்கு ஒரு வழமையாகிவிட்டது. அங்கர் விடுதியை நடத்திய டிபிள் குடும்பத்துப் பெண்கள் புழுதியோடும் வியர்வையோடும் வந்தவர்களை முகம் சுளிக்காமல் உள்ளே எடுத்தார்கள். மற்ற இடங்களில் சைக்கிள்காரரைத் தெருப்பொறுக்கிகளைப் போலப் பார்த்த காலம் அது. அந்த வரவேற்பை அவர்கள் மறக்கவில்லை. டிபிள் குடும்பத்தை நினைவுகூரும் கண்ணாடிச் சாளரம் ஒன்று றிப்ளித் தேவாலயத்தில் இருக்கிறது. அதற்குக் காசு சேர்த்தது சைக்கிள்காரர்கள்.

1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி 'றோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சில்லுக்குச் செயின். இண்டைக்கும் நாங்கள் ஓடுகிற சைக்கிளின் அடிப்படை வடிவம் அதுதான். 1888 இல் பெல்பாஸ்ட்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடித்த ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்ததும் சைக்கிள் ஓடுகிற ஆட்களே மாறிப்போனார்கள். கடைச் சிப்பந்திகளும் கிளார்க்மாரும் ஏறினார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1896 இல் எழுதிய 'தி வீல்ஸ் ஒஃப் சான்ஸ்' நாவலின் நாயகன் ஒரு புடவைக்கடைச் சிப்பந்தி. வருசத்தில் கிடைக்கிற பத்து நாள் லீவில் அவன் சைக்கிளில் வெளிக்கிடுவது இதே றோட்டால்தான்.

றோட்டில் போகிற உரிமையும் சும்மா வரவில்லை. 1878 இல் தொடங்கப்பட்டு, பிறகு சி.ரி.சி. என்று அறியப்பட்ட சைக்கிள் பயணிகள் கழகம் அதற்காக வேலை செய்தது. 1886 இல் சைக்கிள் அமைப்புகள் சேர்ந்து தெருத் திருத்தச் சங்கம் ஒன்றை உருவாக்கின. தெருவை எப்படிப் பராமரிப்பது எண்டு துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்தார்கள். 1888 இன் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டியாக ஏற்றுக்கொண்டது. முந்தும்போது மணி அடிக்கவேண்டும், இரவில் விளக்கு வேண்டும். அவ்வளவுதான், றோட்டில் அதுக்கும் இடம் உண்டு.

இனிப் பெண்களுக்கு வருவம். அக்காலத்து மத்தியதர, உயர்தரப் பெண்களின் உடுப்பு சைக்கிளுக்கு எதிரி. இறுக்கிக் கட்டிய இடுப்பு, நிலத்தில் இழுபடும் பாவாடை, உள்ளே அடுக்கடுக்காகப் பாரம். பாவாடை செயினிலோ சில்லிலோ மாட்டினால் விழுந்து கை கால் முறியும். சைக்கிள் பிரபலமாவதற்கு முன்பே, 1881 இல், பகுத்தறிவு உடைச் சங்கம் லண்டனில் தொடங்கப்பட்டுவிட்டது. அதன் தலைவியாக இருந்தவர் சீமாட்டி ஹார்பர்ட்டன். பெண்ணொருத்தியின் உள்ளுடுப்புகள் எல்லாம் சேர்த்து ஏழு இறாத்தலுக்கு மேல் பாரமாக இருக்கக்கூடாது எண்டு அந்தச் சங்கம் கேட்டது. இப்போதைய கணக்கில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதுதான் குறைத்த அளவு எண்டால், குறைக்க முதல் எவ்வளவு இருந்திருக்கும்?

1893 செப்டெம்பரில் பிறைற்றனைச் சேர்ந்த ரெசி றெய்னோல்ட்ஸ் என்ற 16 வயதுப் பிள்ளை, ஆண்கள் ஓடுகிற சைக்கிளில், காற்சட்டையோடு, பிறைற்றனிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பி வந்தாள். 190 கிலோமீற்றர் அளவு தூரம், எட்டரை மணித்தியாலம் அளவு நேரம். பத்திரிகைகள் அவளின் நேரத்தைவிட அவளின் உடுப்பைப் பற்றித்தான் கூட எழுதின.

ஐந்து வருசத்துக்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த சம்பவம். 1898 ஒக்டோபர் 27. ஐம்பது வயதைத் தாண்டிய சீமாட்டி ஹார்பர்ட்டன், தொளதொளத்த காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, ஒக்கம் கிராமத்தில் இருந்த ஹோபோய் விடுதிக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். றிப்ளியிலிருந்து சில கிலோமீற்றர்தான். கோப்பி அறையில் இருந்து மதியச் சாப்பாடு கேட்டார். விடுதியை நடத்திய பெண் அவரின் உடுப்பைப் பார்த்துவிட்டு, அந்த அறைக்குள் விடமாட்டேன் எண்டார். வேண்டுமெண்டால் மதுக்கடையோடு ஒட்டிய அறையில் இருக்கலாம். ஹார்பர்ட்டன் மறுத்துவிட்டுச் சாப்பிடாமலே வெளிக்கிட்டார்.

சி.ரி.சி. இதை விடவில்லை. பயணிக்குச் சாப்பாடு கொடுக்க மறுப்பது இங்கிலாந்துச் சட்டத்தில் விடுதிக்காரருக்குக் குற்றம். 1899 ஏப்ரலில் கிங்ஸ்டனில் வழக்கு விசாரிக்கப்பட்டது. ஜூரிமாரின் முடிவு: குற்றவாளி இல்லை. சாப்பாட்டை மறுக்கவில்லையே, வேறு அறையில் தருவதாகத்தானே சொன்னார்? எந்த அறையில் இருத்துவது எண்டு தீர்மானிக்கிறது விடுதிக்காரர். அந்த நேரம் சி.ரி.சி.க்கு அறுபதாயிரம் உறுப்பினர்கள் இருந்தார்கள். சீமாட்டி என்ற பட்டமும் கைகொடுக்கவில்லை.

இந்த வழக்கை நல்லவர் கெட்டவர் கதையாக்குவது கஷ்டம். கதவை மூடியதும் ஒரு பெண்தான். உழைத்துச் சாப்பிடுகிற, மற்ற வாடிக்கையாளர் என்ன சொல்வார்களோ எண்டு பயப்படவேண்டிய ஒரு பெண். சில கிலோமீற்றர் தள்ளி, அதே தொழில் செய்த டிபிள் பெண்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மற்றப் பக்கம், ஹார்பர்ட்டன் இருக்க மறுத்த அந்த அறை, ஊர்த் தொழிலாளர்கள் வழமையாக இருந்து புகைபிடித்துக் குடிக்கிற அறை. அவர் கேட்டது தன் வர்க்கத்துக்கு வழமையாகக் கிடைக்கிற இடத்தை. ஒரு வேலைக்காரப் பெண் அதே காற்சட்டையோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் வழக்கும் இல்லை, பத்திரிகையும் இல்லை, இண்டைக்கு இந்தக் கட்டுரையும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த றோட்டுக்கு என்ன நடந்தது? சைக்கிள்காரர்கள் கேட்டு வாங்கிய நல்ல றோட்டில் கார்கள் வந்து ஏறின. போர்ட்ஸ்மத் றோட்டு ஏ3 என்ற பெருஞ்சாலையாகி, கடைசியில் றிப்ளியைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டார்கள். ஊர் மறுபடி அமைதியானது. சைக்கிள்காரர்கள் இண்டைக்கும் அந்தப் பக்கத்துச் சின்ன றோட்டுகளில் ஓடுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் வீதி சைக்கிளோட்டமும் சறேயின் இந்தக் கிராமப்புறத்தால்தான் போனது. ஆண்களுக்கு 250 கிலோமீற்றர், பெண்களுக்கு 140. ஆண்களுக்கு 1896 இலேயே ஒலிம்பிக்கில் வீதி ஓட்டம் இருந்தது. பெண்களுக்கு 1984 இல்தான் கிடைத்தது. ரெசி றெய்னோல்ட்ஸ் 190 கிலோமீற்றர் ஓடிக் காட்டி 91 வருசத்துக்குப் பிறகு.

எங்கட ஊர்களில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது ஒரு புதினமே இல்லை. பள்ளிக்கூடம், ரியூசன், வேலை எல்லாத்துக்கும் சைக்கிள்தான். அதை யாரும் தடுக்கிறதும் இல்லை. ஆனால் பத்துக் கிலோமீற்றர் ஓடிக் களைத்த ஒரு பிள்ளை, றோட்டோரத் தேத்தண்ணிக்கடையில் சைக்கிளை நிப்பாட்டி, உள்ளே வாங்கில் தனியாக இருந்து ஒரு பிளேன்ரீ குடிக்கிறதை எத்தனை தரம் கண்டிருக்கிறீர்கள்? அங்கே கதவும் இல்லை, கதவை மூடுகிற ஆளும் இல்லை. வழக்குப் போடவும் இடமில்லை.