முழங்கால் மூட்டுத் தேய்மானம்

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து, நாளடைவில் மூட்டின் அமைப்பே மாறிப்போகும் நோய் இது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், மிகுதி. மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்று வலிக்கும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விலகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவமே வேறு.

குருத்தெலும்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. காலை மடக்கி நீட்டும்போது அழுந்தி விரிந்து, மூட்டு நீரிலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஆகவே ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று பயந்து படுத்தே கிடப்பது மூட்டுக்குக் கெடுதல். எக்ஸ்ரேயைப் பார்த்தும் மிரள வேண்டியதில்லை: படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு சிரமமின்றி நடமாடுபவர்கள் ஏராளம்.

மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை ஒரு காலத்தில் வெகு பிரபலம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 180 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு, உள்ளே எதையும் தொடாமல் தைத்து அனுப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் இவர்களைவிடத் தேறியிருக்கவில்லை. 2002இல் முடிவு வெளியானது.

பலன் தருபவை எளியவை. அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது. தொடைத் தசையை வலுவாக்க நாற்காலி போதும்: உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். வலி நிவாரணி ஜெல்லை முதலில் தடவிப் பார்க்கலாம். மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குளுக்கோசமைன் மாத்திரையின் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை.

இவை எதற்கும் அடங்காமல் வலி தூக்கத்தையும் நடையையும் கெடுத்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்துவார்கள். பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். முழு மூட்டு மாற்றங்களில் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாக 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. வரியும் அறுவைக் கட்டணமும் தனி. மூட்டின் விலையையும் பிராண்டையும் பில்லில் தனியே காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. கேட்டு வாங்குங்கள்.